ஜெப்ரினுக்கு ஒரு மியூச்சுவல்

சைமன்ராஜுக்குப் பிள்ளைகள் மூன்று. இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்றுதான் 2004 பிப்ரவரி மாதம் வரைக்கும் அவனும் நினைத்துக்கொண்டிருந்தான். மூத்தவள் மெர்லின் பிளஸ் ஒன். அடுத்தவன் ஃபெலிக்ஸ் எட்டாவது. கடைக்குட்டி ஜெப்ரின் நாலாவது. மூன்று பேரும் சேர்ந்து பசிக்கிறது என்று கத்தினால் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்களுக்கே கணக்குத் தெரிந்துவிடும்.

அவன் வேலை பார்த்த இடத்துக்குக் கனரக எந்திரப் பராமரிப்புக் கழகம் என்று பெயர். கழகம் என்றதும் கொடியைத் தேடாதீர்கள். இதற்குக் கொடி கிடையாது, ரப்பர் ஸ்டாம்ப் மட்டும்தான். நெய்வேலிச் சுரங்கத்து எந்திரங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் போய்ப் பார்க்கிற கம்பெனி. கன்வேயர் பெல்ட் அறுந்தால் சூடு வைத்து ஒட்டுவது சைமன்ராஜின் வேலை. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் கான்ட்ராக்டில் வந்து, பெர்மனெண்ட் ஆகி, அவன் ஒட்டிய இடம் மறுபடி அறுகாது என்று பெயரும் வாங்கியிருந்தான். ஆனால் காகிதம் என்றால் அவனுக்குக் கொஞ்சம் நடுக்கம்.

அந்த வருஷம் வருமான வரிச் சட்டத்தில் ஒரு மாற்றம் வந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு வரியில் சலுகை, இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும். நல்ல காரியம்தான், குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! இங்கே பூசாரி, கழகத்தின் கணக்குப் பிரிவு. அவர்கள் ஒரு படிவம் அச்சடித்தார்கள். அதில் பிள்ளைகளின் பெயர் எழுத இரண்டே கட்டங்கள் இருந்தன.

சைமன்ராஜ் படிவத்தை எடுத்துக்கொண்டு கிளார்க் ராஜாங்கத்திடம் போனான்.

"சார், எனக்கு மூணு புள்ளைங்க. நீங்க ரெண்டு கட்டம்தான போட்டுக்கிறீங்க?"

"ரெண்டுக்குத்தான் சலுகை. ஃபீஸ் அதிகமா கட்ற ரெண்டு பேரை எழுதுங்க."

"அப்ப மூணாவது?"

"அத வூட்ல வெச்சுக்கங்க" என்றார் ராஜாங்கம், டீயை ஆற்றிக்கொண்டே.

நியாயமாகத்தான் பட்டது. ஜெப்ரினுக்குக் கட்டணமே கிடையாது. இடது காது சரியாகக் கேட்காத பிள்ளை. இங்கிலீஷ் மீடியத்தில் கவனிப்பதில்லை என்று ஓயாமல் புகார் வந்ததால் தமிழ் மீடியம் இலவசப் பள்ளியில் முதல் பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தார்கள். செலவே இல்லாத பிள்ளையை எழுதி என்ன ஆகப்போகிறது? மெர்லின், ஃபெலிக்ஸ் என்று எழுதினான். கீழே, 'மேற்கண்ட விவரங்கள் முழுமையானவை, வேறு எதுவும் இல்லை என உறுதி கூறுகிறேன்' என்று அச்சாகியிருந்தது. அதைப் படித்தானா? நாம் மட்டும் படிக்கிறோமா! கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு செகண்ட் ஷிஃப்டுக்குப் போய்விட்டான்.

இதற்கிடையில் கழகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பழைய லெட்ஜர்களை எடைக்குப் போட்ட காசில் லட்டு வாங்கிக் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் ஆள், கணக்கு அதிகாரி சங்கரலிங்கம் அவர்களிடம், "சார், ஒரு தொழிலாளிக்குப் பிள்ளைகள் எத்தனைன்னு இடம் விடணும்?" என்று கேட்டானாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "சட்டமே ரெண்டுன்னு சொல்லுது. சட்டத்தை மிஞ்சி இடம் விட நாம யாரு?" என்றாராம். அன்றைக்கே நெய்வேலியில் கழகத்துக் குடும்பங்களில் இருந்த மூன்றாவது, நாலாவது பிள்ளைகள் எல்லாம் சத்தமில்லாமல் காணாமல் போனார்கள். அவர்கள் பாட்டுக்கு முந்திரி மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள், விஷயம் தெரியாது.

மார்ச் ஒன்றாம் தேதி, கழகச் செலவில் வைத்தியம் பார்த்துக்கொள்ளப் புது மெடிக்கல் புத்தகம் கொடுத்தார்கள். அதுவும் அதே கம்ப்யூட்டரிலிருந்து வந்ததுதான். சைமன்ராஜ், மனைவி மேரிசெல்வி, மெர்லின், ஃபெலிக்ஸ். அவ்வளவுதான்.

மறுநாளே வினை வந்தது. ஜெப்ரினுக்குக் காதிலிருந்து சீழ், நெருப்பாகக் காய்ச்சல். பழைய புத்தகத்தை வைத்து எப்படியோ காது டாக்டரைப் பார்த்துவிட்டார்கள். அவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார், பிறகு சைமன்ராஜைத் தனியாகக் கூப்பிட்டார்.

"காதுக்குப் பின்னால எலும்பை அரிச்சிக்கினு உள்ள போவுது. மூளைப் பக்கம் போயிட்டா அப்புறம் நம்ம கையில இல்ல. மெட்ராஸ்ல ஏப்ரல் அஞ்சாம் தேதி ஆபரேஷனுக்கு இடம் வாங்கிட்டேன். நான் எழுதித் தர்ற ரெஃபரல் லெட்டர் மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும்தான் செல்லும். அதுக்குள்ள உங்க ஆபீஸ்ல ஸ்டாம்ப் வாங்கிடுங்க."

ஸ்டாம்ப் இல்லாமல் கைக்காசில் செய்வதென்றால் அவனுடைய எட்டு மாதச் சம்பளம் ஆகும். மேரிசெல்வி காதில் கிடந்த கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அது ஒரு நாள் வார்டு வாடகைக்குக்கூடப் போதாது என்று அவளுக்கும் தெரியும்.

சைமன்ராஜ் லெட்டரை எடுத்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்குப் போனான். ராஜாங்கம் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"ஜெப்ரின்னு உங்களுக்கு யாரும் இல்லீங்களே."

"எம் பொண்ணு சார்! போன கிறிஸ்துமஸ் விழாவுல உங்க கையாலதான் பென்சில் டப்பா குடுத்தீங்க."

"நான் குடுத்தேன். எனக்கு ஞாபகம் இருக்கு. இதுக்கு இல்ல" என்று ராஜாங்கம் கம்ப்யூட்டரின் தலையில் கை வைத்துக் காட்டினார்.

உள்ளே அனுப்பினார்கள். சங்கரலிங்கம் அவர்கள் தெற்கத்திக்காரர், நெற்றி நிறைய விபூதி, பேச்சில் தேன். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் அறையிலிருந்து வெளியே வருகிறவர்கள் அழுதுகொண்டு வருவதற்கு வேறு காரணங்கள் உண்டு.

"உக்காருங்க சைமன்ராஜ். நான் என்ன சொல்லுதேன்னா, சட்டம் எந்தப் பிள்ளைக்கும் விரோதி இல்லை. ரெண்டு பிள்ளையை அது பாக்குது. மூணாவதைப் பாக்கலை. பாக்காதது விரோதம் ஆகுமா? நானே உங்களைத் தினம் பாக்குறதில்லை. அதுக்காக நான் உங்களுக்கு விரோதியா?"

"இல்லீங்க சார். ஆனா புள்ள இருக்குதுங்களே."

"இருக்கு. மனுஷனா எனக்குத் தெரியுது. ஆனா நாற்காலிக்குத் தெரியணும்லா? ஏதாவது சான்று கொண்டாங்க, பாப்போம்."

மறுநாள் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுபோனான். "இது பொறந்ததுக்குச் சான்று. இப்பவும் இருக்காங்கிறதுக்கு?" ரேஷன் கார்டைக் கொண்டுபோனான். "இது அரிசிக்கு." கோயிலில் ஃபாதரிடம் ஞானஸ்நானச் சீட்டு வாங்கிக்கொண்டு ஓடினான். "இது பரலோகத்துக்கு. நாம இன்னும் நெய்வேலியிலதானே இருக்கோம்!" கடைசியில் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டையே டீச்சர் காலில் விழாத குறையாகக் கேட்டு நகல் எடுத்து வந்தான். அதை அவர் ரசித்துப் படித்தார். "நல்லாப் படிக்கிற பிள்ளை போல. இந்தக் காய்ச்சலுக்கு முன்ன லீவே போடலை. ஆனா இதுவும் பள்ளிக்கூடத்துல இருக்கதுக்குத்தான் சான்று. கழகத்துல இருக்கணுமே?"

மார்ச் பதினாலு வந்துவிட்டது. ராத்திரியெல்லாம் ஜெப்ரின் வலது காதை மேலே வைத்துப் படுத்துக்கொண்டு, தலையணையில் சீழ் படாமல் துண்டு விரித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். வலிக்கிறது என்றுகூடச் சொல்வதில்லை. அதுதான் மேரிசெல்வியால் தாங்க முடியவில்லை.

ஃபெலிக்ஸ் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னான். "அப்பா, எம் பேர அடிச்சிட்டு பாப்பா பேர எழுதிடுங்க. எனக்கு ஒண்ணும் காச்சலே வராது."

மெர்லின் அவன் தலையில் குட்டினாள். "போடா, ஃபுட்பால் ஆடி மாசத்துக்கொரு தரம் முட்டி ஒடச்சிக்கினு வர்றவன் நீதான். அப்பா, என் பேர எடுங்க."

பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு காணாமல் போகத் தயாராக இருந்தார்கள். சைமன்ராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. காலையில் போய் இதையே அதிகாரியிடம் கேட்டான்.

சங்கரலிங்கம் அவர்கள் பதறிப்போனார். "அப்படிச் செஞ்சா ஃபெலிக்ஸ் பேர்ல நீங்க கேட்ட சலுகை பொய்யாயிரும்லா? இல்லாத பிள்ளைக்கு எப்படி ஃபீஸ் கட்டினீங்கன்னு டிபார்ட்மென்ட் கேக்கும். அதுவும் போக, கணக்கை நேத்தோட பூட்டியாச்சு. அடுத்த பிப்ரவரியில திறப்போம். அதுவரைக்கும் உங்க குடும்பத்துல யாரும் மாறக் கூடாது."

"அதுவரைக்கும் எம் புள்ளைக்குக் காது தாங்காதுங்க சார்."

"வருத்தமாத்தான் இருக்கு. எனக்கும் மூணு பிள்ளைதான் சைமன்ராஜ். மூத்தவன் அமெரிக்காவுக்கு வேலைக்குப் போயிட்டான். அதனால சட்டப்படி எனக்கு இப்ப ரெண்டுதான். அவன் ஒரு லெட்டர் போட்டுப் பத்து மாசம் ஆச்சு, ஒரு போன் கிடையாது. சட்டத்தை அவனும் மதிக்கிறான் பாத்தீங்களா!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, ஃபைலைத் திறந்து வெகுநேரம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வெளியே டீக்கடையில் ராஜாங்கம்தான் வழி சொன்னார். கெட்ட மனுஷன் இல்லை. இருபது வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில் மூளையும் படிவ அளவுக்கே மடிந்துபோயிருந்தது.

"யாருக்காவது கட்டம் காலியா இருக்கா பாருங்க. ஒரே புள்ள வெச்சிருக்கிற ஆளு. அவங்களோட ஒரு மியூச்சுவல் போட்டுடலாம்."

மியூச்சுவல் என்றால் டவுன்ஷிப்பில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கு நைட் ஷிஃப்ட், உனக்கு டே ஷிஃப்ட். இரண்டு பேரும் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொண்டால் மியூச்சுவல். எனக்கு மாடி, உனக்குக் கீழ் வீடு. மாற்றிக்கொண்டால் அதுவும் மியூச்சுவல். மாமனார் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தவனும் தூரத்தில் இருந்தவனும் குவார்ட்டர்ஸ் மாற்றிக்கொண்டு இரண்டு பேருமே நிம்மதியானதெல்லாம் உண்டு. ஷிஃப்டையும் வீட்டையும் மாற்றிக்கொள்ளலாம் என்றால் பிள்ளையை மட்டும் ஏன் கூடாது? மியூச்சுவல் படிவத்தில் 'மாற்றிக்கொள்ளப்படுவது' என்று ஒரு கோடு போட்டு இடம் விட்டிருந்தார்கள். பிள்ளை கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. எழுதாதது எல்லாம் செல்லும் என்பது ராஜாங்கத்தின் இருபது வருஷ ஞானம்.

கட்டம் காலியாக இருந்தது கொளஞ்சிநாதனிடம். சைமன்ராஜோடு ஒரே கேங்கில் பதினாறு வருஷமாகப் பெல்ட் ஒட்டுகிறவன், ஒரே பையன். ஜெப்ரின் அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவன் டிபன் பாக்ஸில் அவளுக்கென்று தினமும் ஒரு முட்டை மிச்சம் இருக்கும்.

"இதுல யோசிக்க இன்னாடா இருக்குது? காயிதத்துலதான? எழுதிக்க. இல்லன்னா நானே அந்த ஆபீச இட்ச்சிட்டு செயிலுக்குப் போவேன்" என்றான் கொளஞ்சிநாதன்.

ஆனால் அதிகாரி அவ்வளவு எளிதில் விடுவாரா? படிவத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"மியூச்சுவல்னா ரெண்டு பக்கமும் மாத்தணும். சைமன்ராஜ் பிள்ளையைக் குடுக்காரு. சரி. கொளஞ்சிநாதன் பதிலுக்கு என்ன குடுக்காரு?"

"எங்கிட்ட இருக்கறது ஒரே பையன் சார்" என்றான் கொளஞ்சிநாதன்.

"அவனைக் குடுத்தா சைமன்ராஜுக்கு மறுபடி மூணு ஆயிரும். அது செல்லாது. ஒண்ணும் குடுக்காம வாங்கினா தானம் ஆயிரும். தானத்துக்கு வேற சட்டம், வேற படிவம், அது கடலூர்ல இருக்கு."

அன்றைக்கு மார்ச் இருபத்திரண்டு. ராஜாங்கம் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் முகம் மலர்ந்து வந்தார். கொளஞ்சிநாதனுக்கு இனிமேல் பிறக்கப்போகும் இரண்டாவது பிள்ளையைச் சைமன்ராஜுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் ஆயிற்று! இப்போதைக்குக் கட்டம் தேவையில்லை, கணக்கும் நேர். சங்கரலிங்கம் அவர்கள் அவரைத் தட்டிக்கொடுத்தார். "ஆனா ஒண்ணு. சம்பந்தப்பட்ட தாயாரோட சம்மதம் வேணும்."

கொளஞ்சிநாதனின் மனைவி திலகவதி படிவத்தைப் படித்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "எனக்கு ஆபரேஷன் பண்ணி பன்னெண்டு வருசம் ஆவுது. எந்தப் புள்ளைய எழுதிக் குடுக்கச் சொல்றாரு ஒங்க ஆபீசரு? அவரே பெத்துக் குடுப்பாராமா?"

"அத மட்டும் ஆபீஸ்ல சொல்லிடாத. அப்பறம் பொறக்காத புள்ள இனிமேலும் பொறக்காதுன்னு சர்ட்டிபிகேட் கேப்பாங்க" என்றான் கொளஞ்சிநாதன்.

திலகவதி திட்டிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகு மேரிசெல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உம் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது அக்கா, அந்த விருத்தகிரீஸ்வரன் பாத்துப்பான்" என்றாள். மேரிசெல்வி, "மாதாவும் பாத்துப்பாங்க" என்றாள். இரண்டு பேரும் கணக்குப் பிரிவை நம்பவில்லை.

ஜெப்ரினைப் பெற்றவள் கையெழுத்தை மட்டும் யாருமே கேட்கவில்லை. தருகிற பக்கத்தில் 'தாயார்' என்ற கட்டமே அந்தப் படிவத்தில் இல்லை. அந்த மறதியில்தான் அவள் ஜெப்ரினுக்கு அம்மாவாகவே மிச்சமிருந்தாள்.

முப்பதாம் தேதி சாயங்காலம் கடைசி நிபந்தனை வந்தது. குழந்தையை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும். குழந்தை தன் வாயால் தகப்பன் பெயரைச் சொல்ல வேண்டும். ராஜாங்கம் சைமன்ராஜைத் தூணோரம் இழுத்துப்போய் எச்சரித்தார். "மாத்திச் சொல்லிட்டா முடிஞ்சது. நாளைக்கு ஒரு நாள்தான். ஆஸ்பத்திரிக்கும் வெல்ஃபேர் ஆள் செக்கிங் வருவான். டிஸ்சார்ஜ் ஆகுற வரைக்கும் பாப்பாவுக்குக் கொளஞ்சிநாதன்தான் அப்பா. வீட்ல நல்லா சொல்லிக் குடுங்க."

எப்படிச் சொல்லிக் கொடுப்பது? அன்றைக்கு ஜெபம் முடிந்ததும் சைமன்ராஜ் பிள்ளையை மடியில் உட்கார வைத்து, வலது காதுப் பக்கமாகக் குனிந்தான்.

"கண்ணு, நாளைக்கு ஒரு சார் உங்கப்பா பேரு இன்னான்னு கேப்பாரு. கொளஞ்சிநாதன்னு சொல்லணும்."

"அது மாமா பேருதான?"

"ஆமா. நாளைக்கு மட்டும்."

"பொய் சொன்னா பாவம்னு சிஸ்டர் சொன்னாங்களே?"

சைமன்ராஜ் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். மேரிசெல்விதான், "இது பாவம் இல்லடி, இது ஃபாரம்" என்றாள். ஜெப்ரின் அதை மனசுக்குள் போட்டுக் கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் சைமன்ராஜ் 'ம்' கொட்டினான்.

மார்ச் முப்பத்தொன்று, பகல் மூன்று மணி. வருஷக் கடைசி என்று ஆபீஸ் முழுக்க அமளி. சங்கரலிங்கம் அவர்களின் மேஜைக்கு முன்னால் ஜெப்ரின் நின்றாள். பக்கத்தில் கொளஞ்சிநாதன், புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்தவன்போல் வேர்த்துக்கொண்டிருந்தான். சைமன்ராஜைக் கதவோரம் நிறுத்திவிட்டார்கள், சம்பந்தமில்லாதவர் என்று. ஸ்டாம்ப் மேஜையில்தான் இருந்தது. கை நீட்டினால் எட்டிவிடும்.

"பாப்பா, உங்க அப்பா பேரு என்ன?"

அவர் கேட்டது இடது பக்கத்திலிருந்து. ஜெப்ரின் மேஜைமேல் இருந்த கண்ணாடி உருண்டைக்குள் தெரிந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா?"

ஒன்றுமில்லை. ராஜாங்கம் தொண்டையைச் செருமினார். சுவர்க் கடிகாரத்தில் நிமிஷ முள் ஒரு கோடு நகர்ந்தது.

"பிள்ளை யோசிக்குதே. அப்பா பேருக்கு யாராவது யோசிப்பாங்களா?" என்றபடி அதிகாரி மூடியைத் தேடி எடுத்துப் பேனாவை மூடப்போனார்.

சைமன்ராஜின் கால் ஒரு அடி முன்னால் வந்துவிட்டது. 'அவளுக்குக் கேக்கலைங்க, இந்தப் பக்கமா கேளுங்க' என்று கத்த வாய் திறந்தான். கத்தினால் காட்டிக்கொடுத்ததாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். நல்லவேளை, கொளஞ்சிநாதன் பிள்ளையின் தோளைப் பிடித்து மெள்ளத் திருப்பினான். வலது காது மேஜைப் பக்கம் வந்தது.

"உங்க அப்பா பேரு?"

ஜெப்ரின் ஒரே மூச்சில் சொன்னாள். "கொளஞ்சிநாதன் சார். பெல்ட் செக்‌ஷன். டோக்கன் நம்பர் நாப்பத்தேழு."

டோக்கன் நம்பரை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மாமாவின் டிபன் பாக்ஸில் எழுதியிருந்ததை அவளாகப் படித்து வைத்திருந்தாள்.

"அடடே, சுத்தமாச் சொல்லுதாளே!" அதிகாரிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. லெட்டரை இழுத்து வைத்தார், ஸ்டாம்பை எடுத்தார், மையில் ஒற்றினார். அப்புறம் அப்படியே அந்தரத்தில் நிறுத்தி, கதவோரம் நின்றவனைக் காட்டி, "அப்ப இவரு யாரும்மா?" என்றார்.

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ராஜாங்கம் கண்ணை மூடிக்கொண்டார். கொளஞ்சிநாதனின் கை பிள்ளையின் தோளில் இறுகியது. ஜெப்ரின் திரும்பிச் சைமன்ராஜைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடுகிறவள்போல் பார்த்தாள். அவனுக்குத் தலையாட்டக்கூடத் தோன்றவில்லை.

"மாமா" என்றாள்.

ஸ்டாம்ப் விழுந்தது. அதிகாரி கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, ஊதிக் காயவைத்துக் கொளஞ்சிநாதனிடம் கொடுத்தார். பிறகுதான் கதவுப் பக்கம் பார்த்தார்.

"ஏன் சைமன்ராஜ் கண்ணைத் துடைக்கீங்க? உங்களுக்கு இதுல ஒரு நஷ்டமும் இல்லையே. ரெண்டு பிள்ளைக்கும் சலுகை முழுசா வந்துட்டுதே! ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க. மியூச்சுவல் போட்டா மூணு வருஷத்துக்கு ரத்து பண்ண முடியாது. குவார்ட்டர்ஸுக்கு என்ன ரூலோ அதுதான் பிள்ளைக்கும்."

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சம்மதக் கடிதத்தில் கொளஞ்சிநாதன் கையெழுத்துப் போட்டான். இரண்டாயிரம் அடி பெல்ட்டைப் பதறாமல் ஒட்டுகிறவன், தன் பெயரை எழுத மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டான். ஆபரேஷன் நாலரை மணி நேரம் நடந்தது. கதவு திறந்து, "ஜெப்ரின் ஃபாதர் யாருங்க?" என்று டாக்டர் கேட்டபோது சைமன்ராஜ் எழுந்துவிட்டான். எழுந்தவன் ஞாபகம் வந்து உட்கார்ந்தான். கொளஞ்சிநாதன் எழுந்துபோனான், போகும்போது சைமன்ராஜின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனான்.

"நல்லபடியா முடிஞ்சது. எலும்பைச் சுத்தம் பண்ணிட்டோம். கேட்கும்" என்றார் டாக்டர் கொளஞ்சிநாதனிடம். அவன் விசும்பி விசும்பி அழுதான். தகப்பன்மார்கள் அழுவது வழக்கம்தான் என்பதால் டாக்டர் சந்தேகப்படவில்லை.

அந்தப் பத்து நாளும் ஜெப்ரின் சொன்ன சொல் தவறவில்லை. கொளஞ்சிநாதன் அப்பா, சைமன்ராஜ் மாமா. மாமா தண்ணி, மாமா பாத்ரூம், மாமா வலிக்குது. கழகம் போட்ட மியூச்சுவலில் இரண்டு பக்கமும் சரியாக மாறியது இந்த ஒன்றுதான். ஒருநாள் வார்டில் யாரும் இல்லாதபோது சைமன்ராஜ் கெஞ்சினான். "இப்ப யாரும் இல்ல கண்ணு. ஒரு தரம் அப்பான்னு சொல்லேன்." அவள் உதட்டில் விரலை வைத்து, கதவைக் காட்டி, "செக்கிங் வருவாங்க மாமா" என்றாள். செக்கிங் யாரும் வரவேயில்லை. அந்தப் படிவத்தை அவளைப்போல் மதித்தவர் கழகத்திலேயே யாரும் இல்லை.

டிஸ்சார்ஜ் ஆகிப் பஸ்ஸில் வந்தார்கள். பண்ருட்டியில் பஸ் ஜன்னல் வரைக்கும் பலாச்சுளையை ஏந்திப் பிடித்தார்கள். கொளஞ்சிநாதன் இறங்கிப்போய் ஒரு பொட்டலம் வாங்கிவந்தான். நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கியபோது பிற்பகல் வெயில். கொளஞ்சிநாதனும் மேரிசெல்வியும் மூட்டைகளோடு டவுன் பஸ்ஸுக்கு இடம் பார்க்க முன்னால் போனார்கள். ஜெப்ரின், காதைச் சுற்றிக் கட்டோடு, சைமன்ராஜின் வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, டிஸ்சார்ஜ் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சி கண்ணு."

"அப்ப இனிமே அப்பான்னு கூப்புடலாமா? இல்ல, அதுக்கும் அந்த சார்கிட்ட ஸ்டாம்ப் வாங்கணுமா?"

அவன் சட்டைப் பையில் மியூச்சுவல் உத்தரவின் நகல் மடித்துக் கிடந்தது. மூன்று வருஷம் என்று அதில் தெளிவாகத்தான் அச்சடித்திருந்தார்கள்.

"கூப்புடு" என்றான் சைமன்ராஜ்.

"அப்பா" என்றாள்.

அவன் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜெப்ரின் அண்ணாந்து பார்த்தாள். அப்பாவுக்குக் கேட்கவில்லை என்று அவளுக்குப் பட்டது. கேட்காதவர்களிடம் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கையை விட்டுவிட்டு, அவனைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து, சட்டையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்து, அவனுடைய இன்னொரு காதில் பலமாகக் கூப்பிட்டாள்.

"அப்பா!"